முப்பத்தொன்றாவது பேருக்குப் பிறகு

பாடாங் மேஹா தோட்டம்
மாசி 9

தம்பி காளிமுத்துக்கு அக்கா பிச்சையம்மாள் எழுதுறது.

நலம்னு எழுதப் பார்த்தேன், கை வரல. அதனால அதை விட்டுட்டு விஷயத்துக்கு வர்றேன். உன் மாமா வந்துட்டாரு.

போன ஆனியில சயாம் ரயில் ரோட்டுக்குன்னு முப்பத்தொரு ஆம்பளைங்களோட லாரியில ஏத்திட்டுப் போனானே சப்பான்காரன், அதுல ஆளுங்களுக்கு மேற்பார்வை மண்டோரா போன மனுசன் மூணு நாளைக்கு முன்னால கதவைத் தட்டுறாரு. நான் பிச்சைக்காரன்னு நெனச்சு, ஒண்ணும் இல்ல போய்யான்னு சொல்லிட்டேன் தம்பி. கட்டின புருசனைப் பார்த்துச் சொன்னேன். உடம்புல ஒரு சாக்கு, கால்ல புண்ணு, முழங்கை எலும்பு தனியாத் தெரியுது. வந்ததுலேர்ந்து ரெண்டே வார்த்தை. "எல்லாம் வாந்திபேதி." அதோட வாயை மூடிட்டாரு.

மூடிட்டாருன்னு சொன்னேனே, அதுவும் சரியில்ல. விடியக்காலம் ஆள் எண்ணுற பெரட்டுக்கு மணி அடிக்கிறாங்கல்ல, அந்தத் தண்டவாளத் துண்டு சத்தம் கேட்டதும் எந்திரிச்சு சுவத்தைப் பார்த்து நிக்கிறாரு. கூட்டிட்டுப் போன ஆளுங்க பேரை ஒண்ணொண்ணாக் கூப்பிடுறாரு. பரஞ்சோதி, அம்மாசி, குழந்தைவேலுன்னு வரிசையா. ஒரு பேரைக் கூப்பிட்டா அது பதில் சொல்றவரைக்கும் அடுத்த பேருக்குப் போகமாட்டாரு. செத்தவன் எங்க பதில் சொல்லுவான்? கை நடுங்க ஆரம்பிச்சு, அப்புறம் தூண்ல மண்டையை மோதுறாரு. மொதல் நாள் ரத்தமே வந்துருச்சு. ரெண்டாம் நாள் பயந்துபோய் நானே மெதுவா "இருக்கேன்"னு சொன்னேன். அடுத்த பேருக்குப் போனாரு. இப்ப தெனமும் முப்பத்தொரு பேருக்கும் நான்தான் பதில். தன் பேரை மட்டும் கூப்பிடுறதில்ல. மண்டோர் தன் பேரைத் தானே கூப்பிடமாட்டான்ல.

பக்கத்து வீட்டுச் செல்லாயி குழந்தைவேலு பொண்டாட்டி. பலகைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. இன்னும் ஒரு வார்த்தை என்கிட்ட கேட்கல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

மாசக் கடைசியில மறுபடி ஆள் பிடிக்க வர்றானாம். ஓடி வந்தவன்னு தெரிஞ்சா என்ன செய்வான்னு உனக்கே தெரியும். வாந்திபேதியைத் தூக்கிட்டு வந்துட்டாருன்னு குழாயில தண்ணி பிடிக்கவும் என்னை விடமாட்டேங்குறாங்க. நீ ஆஸ்பத்திரியில வேலையா இருக்கே. அங்க கூட்டிட்டு வரட்டுமா? இதுக்கு மருந்து இருக்கா? கரி லாரி ஓட்டுற பழனியாண்டி அண்ணன்கிட்ட பதில் குடுத்து அனுப்பு.

பிச்சையம்மாள்

*

அலோர் ஸ்டார்
2 மார்ச் 2487

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மாமா உயிரோடு வந்ததில் சந்தோஷம்.

தயவுசெய்து அவரை இங்கே கூட்டி வரவேண்டாம். இது நீ நினைக்கிற பெரிய ஆஸ்பத்திரி இல்லை. மெர்கோங் பக்கம் மூடிக் கிடந்த அரிசி ஆலையில் அவசரத்துக்குப் போட்டது. கட்டில் கிடையாது. மற்ற விவரங்களைக் கடிதத்தில் எழுத முடியாது.

இன்னொன்று. உறையின் மேல் தோட்டத்தின் பேரை எழுதாதே. இங்கே என்னைத் துணிக்கடைப் பசுபதி ஐயாவின் தங்கை மகன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். வாந்திபேதி வந்ததிலிருந்து தோட்டத்து ஆட்களைக் கடைவாசலில்கூட நிற்க விடுவதில்லை. நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆள் பிடிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். வாசலில் வேப்பிலை கட்டு. படியில் மஞ்சள் தண்ணீர் தெளி. வீட்டில் ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்லு. அம்மை என்றால் அவர்கள் கிட்டவே வரமாட்டார்கள். இதை யாரிடமும் சொல்லாதே.

மாமாவுக்கு இருப்பது போலவே கை நடுக்கத்தோடு ஒரு சப்பான் ரயில் மேஸ்திரி இங்கே முன் அறையில் இருக்கிறார். அவரும் அதே ரயில் ரோட்டிலிருந்து வந்தவர்தான். ஆகவே இது உலகத்தில் இல்லாத வியாதி இல்லை, பயப்படாதே. உப்பும் கொயினா மாத்திரை ஆறும் அனுப்பியிருக்கிறேன். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வை.

தம்பி
கா.

*

பாடாங் மேஹா
மாசி 28

தம்பி "கா."வுக்கு,

பேரை முழுசா எழுதினா விரல் தேஞ்சுருமோ? போன வருசம் 2603ன்னு சப்பான் கணக்குப் போட்டே. இப்ப கெடாவைச் சயாம்காரன் கையில குடுத்ததும் 2487ன்னு போடுறே. நாளைக்கு யார் வந்தா என்ன போடுவியோ. நான் மாசின்னுதான் போடுவேன். பசுபதி ஐயா தங்கச்சிக்கு நீ மகனாயிட்டே, சந்தோஷம். நம்ம அம்மா இதைக் கேட்க இல்லாமப் போனாளே.

திட்டினது போதும். உன் யோசனை பலிச்சிருச்சு. ஆள் பிடிக்கிறவன் லாரியை ரோட்டுலயே நிறுத்தி, வேப்பிலையைப் பார்த்தான், மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிட்டான். நான் கதவிடுக்கு வழியாப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒன்பது மாசத்துல அன்னிக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

யார்கிட்டயும் சொல்லாதேன்னு நீ சொன்னே. இருந்தாலும் எதிர்வீட்டுப் பிரேமாவதி மகனைப் பதுக்கி வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நின்னா, எப்படிச் சொல்லாம இருக்கிறது? அவ கட்டினா. அவளைப் பார்த்து அடுத்தவ கட்டினா. இப்ப லயத்து வரிசையில பதினோரு வீட்டுல வேப்பிலை தொங்குது. கோயில் மரம் மொட்டையாயிருச்சு. ஆத்தா மன்னிச்சுக்குவா, புள்ளைங்களுக்காகத்தானே.

செல்லாயி முந்தாநாள் வந்தா. உள்ள வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. மாமா "குழந்தைவேலு"ன்னு கூப்பிட்டதும் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே "இருக்கேன்"னு சொன்னா. புருசன் குரல்லயே சொன்னா தம்பி. அப்புறம் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டா. ரெண்டு நாளா கிழங்குகூட வாயில வைக்கல. தெனமும் விடியறதுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்துக்குறா.

அந்தச் சப்பான் மேஸ்திரிக்கு என்ன மருந்து குடுக்குறாங்க? அதை எழுது. மாமாவுக்கும் அதையே குடுக்கிறேன்.

பிச்சையம்மாள்

*

அலோர் ஸ்டார்
17 மார்ச் 2487

அக்கா,

எத்தனை வீட்டில் கட்டினாலும் இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷமே எல்லாவற்றையும் அவிழ்த்து எரித்துவிடுங்கள். ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இன்று காலை ஒரு அறிக்கை வந்தது. பாடாங் மேஹா தமிழர் லயத்தில் பதினோரு வீடுகளில் அம்மை என்று எழுதியிருந்தது. ஆள் பிடிக்கிறவன்தான் போய்ச் சொல்லியிருக்கிறான். அதைப் பெரிய புத்தகத்தில் ஏற்றுவது என் வேலை. என் கையாலேயே எழுதினேன். எழுதும்போதே அது பொய் என்று தெரியும். டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இது பொய் என்று சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். வாயைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை சுகாதார லாரி புறப்படுகிறது. அதற்குள் மாமாவைக் கூட்டிக்கொண்டு ரப்பர் காட்டு வழியாகப் போய்விடு. யான் ஊர்ப் பக்கம் போனால் நெல்வயலில் ஆள் வேண்டும் என்கிறார்கள்.

மருந்து கேட்டிருந்தாய். எழுதிவிடுகிறேன். மேஸ்திரிக்கு மருந்து என்று ஒன்றும் இல்லை. தனி அறை, கொசுவலை, பால், முட்டை. ஒரு ஆள் உட்கார்ந்து அவரோடு பேசுகிறான். விளக்கை அணைப்பதில்லை. புத்தகத்தில் பேர், அடுத்தது இனம், அதற்கு அடுத்தது வியாதி என்று கட்டங்கள் இருக்கின்றன. இனம் எழுதின பிறகுதான் டாக்டர் வியாதியைச் சொல்வார். மேஸ்திரிக்குக் களைப்பு என்று சொன்னார். அதே நடுக்கத்தோடு வந்த தோட்டத்து ஆட்களுக்குப் பைத்தியம் என்று சொன்னார். "கூலிக்கு மனசுன்னு ஒண்ணு தனியா கிடையாது, நடிப்பு, இல்லேன்னா பைத்தியம்" என்றார். அவர்களைப் பின் கொட்டகையில் போட்டிருக்கிறது. மாதத்தில் ஒரு லாரி வந்து கொட்டகை ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். எங்கே என்று யாரும் சொல்வதில்லை. திரும்பி வந்தவர்கள் இல்லை.

பைத்தியம் என்ற வார்த்தையை இந்தக் கையால் பதினாலு தடவை எழுதியிருக்கிறேன் அக்கா. அதனால்தான் வராதே என்றேன். ஓடிப்போ.

காளிமுத்து

*

பாடாங் மேஹா
பங்குனி 11

தம்பி,

உன் கடிதம் நேத்துதான் வந்துச்சு, முள்கம்பிக்கு வெளியே இருந்து. லாரி புதன்கிழமையே வந்துருச்சு.

நம்ம லயத்தை மட்டும் சுத்திக் கம்பி போட்டிருக்கான். ரோட்டோரச் சீனன் கடைக்கும் பின்னால இருக்கிற மலாய்க்காரங்க கிராமம், அந்தக் கம்பத்துக்கும் ஊசி போட்டு, போகவர ஒரு சூராட் சீட்டு எழுதிக் குடுத்தான். எங்களுக்கு ஊசியும் கிடையாது, சூராட்டும் கிடையாது. கேட்டதுக்கு, இது கிளிங் நோய், தமிழாளுங்க நோயாம், ஊசி வீணுன்னு சொன்னானாம். கம்பத்துப் பாக் சாலே மட்டும் சாயங்காலம் கம்பிக்கு மேல பூசணிக்காய் தூக்கிப் போட்டுட்டுப் போவாரு. பழனியாண்டி அண்ணனும் அவருகிட்டதான் கடிதத்தைக் குடுத்து வாங்குறாரு.

அம்மை யாருக்கும் இல்லன்னு தெரிஞ்சா விட்டுருவான்னு நெனச்சேன். எல்லாரையும் வெளியே வரிசையா நிக்க வச்சான். எண்ணுறதுக்கு மணி அடிச்சான் தம்பி. அந்தத் தண்டவாளத் துண்டை அடிச்சான். மாமாவைப் பரண் மேல பதுக்கி வச்சிருந்தேன். சத்தம் கேட்டதும் இறங்கி வந்துட்டாரு. பெரட்டுன்னு நெனச்சுக்கிட்டாரு. வரிசைக்கு முன்னால போய் நிமிர்ந்து நின்னு, "பரஞ்சோதி"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாரு.

நாங்க நூறு பேர் நின்னோம். ஒருத்தரும் வாயைத் திறக்கல. நானும் திறக்கல. துப்பாக்கி வச்சிருந்தான். அவர் என்னைத்தான் பார்த்துக்கிட்டு நின்னாரு.

அவர் வேட்டியாலேயே அவர் கையைக் கட்டி லாரியில ஏத்தினாங்க. பயந்து நடுங்கிக்கிட்டிருந்த இன்னும் ஏழு பேரையும் ஏத்தினாங்க. மெர்கோங் ஆலைக்குன்னு சொன்னான். உன்கிட்டதான் வந்திருக்காரு. வேப்பிலை கட்டச் சொன்னவன் நீ, ஊரெல்லாம் சொன்னவ நான். ரெண்டு பேரும் சேர்ந்து பிடிச்சுக் குடுத்துட்டோம்.

ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். காலையில அங்க ஏதாவது மணி அடிச்சா அவர் பேர் கூப்பிடுவாரு. யாராவது பதில் சொல்லணும். இல்லேன்னா மண்டையை உடைச்சுக்குவாரு.

அவரைத் தெரியாதுன்னு நீ சொல்லிட்டா எனக்குக் கடிதம் எழுதாதே.

பிச்சையம்மாள்

*

அலோர் ஸ்டார்
26 மார்ச்

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மாமா வந்தார். நான் மேஜையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். என்னை அடையாளம் தெரியவில்லை அவருக்கு, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. பேர் இருளப்பன். இனம் தமிழ், தோட்டக் கூலி. வியாதியை டாக்டர் சொன்னார், எழுதினேன். கடைசிக் கட்டம் உறவினர். டாக்டர் என்னைப் பார்த்து, யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்று எழுதினேன்.

இங்கே காலையில் ஆலை மணி அடிக்கிறது. முதல் நாள் அவர் கூப்பிட ஆரம்பித்ததும் கொட்டகைக் காவல்காரன் வாளித் தண்ணீரை மேலே ஊற்றினான். மறுநாள் பிரம்பால் அடித்தான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் முதல் பேரைத் தாண்டவே இல்லை. பரஞ்சோதி, பரஞ்சோதி என்று அதையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லவில்லை அக்கா.

இப்போது எனக்கும் தூக்கம் இல்லை. மணி அடிப்பதற்கு முன்னாலேயே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேனா பிடித்தால் கை நடுங்குகிறது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மேஜைக்கடியில் வைத்துக்கொள்கிறேன். என்னையும் பார்த்துவிட்டால் இனக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

லாரி ஏப்ரல் பதினைந்தாம் தேதி வருகிறது.

காளிமுத்து

*

பாடாங் மேஹா
பங்குனி 19

காளிமுத்து,

படிச்சுட்டு அடுப்புல போடத்தான் எந்திரிச்சேன். போடல.

நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போறப்ப போட்டுக்க நல்ல சட்டை இல்லன்னு அழுதே. மாமா தன் கல்யாணச் சட்டையை எடுத்து உனக்குப் போட்டு, பொத்தானை அவரே மாட்டிவிட்டாரு. அதைப் போட்டுக்கிட்டுத்தான் அந்த மேஜையில உட்கார்ந்தியா? இதைக் கேட்காம எனக்கு மனசு ஆறாது, கேட்டுட்டேன்.

இனிமே இங்க நடக்குறதைச் சொல்றேன். சிரிக்காதே.

அவர் போன மறுநாள் மணி அடிச்சதும் லயம் பூரா எந்திரிச்சு உட்கார்ந்துக்கிட்டாங்க. பேர் கூப்பிட ஆள் இல்ல. செல்லாயி தலைமுடியைப் பிச்சுக்கிட்டுக் கத்த ஆரம்பிச்சுட்டா. "கூப்பிடு அக்கா, அவர் பேரைக் கூப்பிடு"ன்னு என் காலைப் பிடிச்சா. நான் நடுவுல நின்னு முப்பத்தொரு பேரையும் கூப்பிட்டேன். அந்தந்த வீட்டுல இருந்து அந்தந்தப் பொம்பளைங்க "இருக்கேன்"னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் அவ கிழங்கு தின்னா. இப்ப தெனமும் நடக்குது. காவலுக்கு நிக்கிறவன் கம்பிக்கு வெளியே இருந்து எங்களைப் பார்த்து நெத்தியில விரலைச் சுத்திக் காட்டுறான். இது பைத்தியம்னா முப்பத்தொரு வீட்டுக்கும் பைத்தியம்தான். எனக்கே சில நேரம் பயமா இருக்கு, நாங்க எல்லாரும் அப்படித்தான் ஆயிட்டோமோன்னு.

நேத்து முப்பத்தொண்ணாவது பேர் முடிஞ்சதும் செல்லாயி என் வாயையே பார்த்தா. "அண்ணன் பேரு?"ன்னு கேட்டா. அது செத்தவங்க வரிசை தம்பி. அதுல அவர் பேரைச் சேர்த்தா நானே அவரைக் கொன்ன மாதிரி. சேர்க்காம இருந்தா அவருக்காகப் பதில் சொல்ல யாருமே இல்லாத மாதிரி.

பதினஞ்சாம் தேதின்னு எழுதியிருக்கே. அதுக்கப்புறம் ஒரு கடிதம் எழுது. அவர் பேரை நான் சேர்க்கணுமா வேண்டாமா, அதை மட்டும் எழுது. வேற ஒண்ணும் வேண்டாம்.

பிச்சையம்மாள்

*

மெர்கோங், பின் கொட்டகை
சித்திரை 4

அக்காவுக்கு, தம்பி காளிமுத்து எழுதுறது.

உறையில தோட்டத்துப் பேரை எழுதியிருக்கேன் பாரு. தேதியும் உன் கணக்குதான்.

நீ கேட்டது ஒண்ணு. ஆனா நடந்ததைச் சொல்லாம அதைச் சொல்ல முடியாது.

பதினாலாம் தேதி காலையில டாக்டர் சீக்கிரமே வந்துட்டாரு. மறுநாள் லாரிக்கு ஆள் கணக்கு எடுக்க என்னையும் புத்தகத்தையும் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனாரு. நாங்க உள்ள நுழையறப்ப மணி அடிச்சான். மாமா எந்திரிச்சு நின்னாரு. நெத்தியில புண்ணு ஆறவே இல்ல. "பரஞ்சோதி"ன்னாரு. காவல்காரன் பிரம்பை எடுத்தான். நான் "இருக்கேன்"னேன்.

எப்படிச் சொன்னேன்னு தெரியல. டாக்டர் திரும்பிப் பார்த்தாரு. மாமா "அம்மாசி"ன்னாரு. அதுக்கும் சொன்னேன். புத்தகத்தை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டேன் அக்கா. நாலாவதோ அஞ்சாவதோ பேருக்கு, மூலையில கிடந்த ஒரு ஆளும் என்னோட சேர்ந்து சொன்னான். சுங்கைப் பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்துக்காரன், மாமாவைத் தெரியவே தெரியாது அவனுக்கு. அப்புறம் இன்னொருத்தன். முப்பத்தொரு பேருக்கும் சொல்லி முடிச்சோம். மாமா மண்டையை மோதல.

டாக்டர் கேட்டாரு, "நீயும் தோட்டத்து ஆளா?" ஆமான்னேன். அவர் முன்னாலேயே புத்தகத்தைத் திறந்து உறவினர் கட்டத்துல இல்லைங்கிறதை அடிச்சுட்டு, மைத்துனன் காளிமுத்து, பாடாங் மேஹா தோட்டம்னு எழுதினேன். வியாதிக் கட்டத்துல பைத்தியத்தை அடிச்சுட்டுக் களைப்புன்னு எழுதினேன். மேஸ்திரிக்கு எழுதின அதே வார்த்தை. புத்தகத்தைப் பிடுங்கிக்கிட்டாரு, கிழிக்கல. லாரிக்காரன் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஆள் ஏத்துவான். மறுநாள் ஒன்பது பேரை ஏத்திட்டுப் போனான். என்னோட சேர்ந்து பதில் சொன்ன அந்தச் சுங்கைப் பட்டாணி ஆளும் போயிட்டான். அவன் கட்டத்தை அடிக்க எனக்கு நேரம் இல்ல. அவன் பேரைக்கூட நான் கேட்டு வைக்கல. மாமாவை விட்டுட்டான். அடுத்த லாரிவரைக்கும் விட்டிருக்கான், அவ்வளவுதான்.

மேஜை வேலை போயிருச்சு. இப்ப கொட்டகையிலதான் வேலை, படுக்கையும் இங்கதான். என் கை நடுக்கத்தை இனிமே ஒளிக்க வேண்டியதில்ல, இங்க எல்லாருக்கும் நடுங்குது. ராத்திரி விளக்கு கிடையாது. மேஸ்திரி மாதிரி மாமாவுக்கும் ஒரு ஆள் பக்கத்துல உட்கார்ந்து பேசட்டும்னு நானே பேசிக்கிட்டிருக்கேன். சட்டையைக் கழட்டி அவருக்கே போட்டுவிட்டேன். இப்ப அதுக்குள்ள ரெண்டு மாமா நுழையலாம்.

இனி நீ கேட்டதுக்கு வர்றேன். இன்னிக்குக் காலையில முப்பத்தொண்ணாவது பேர் முடிஞ்சதும் மாமா உட்காரல. தெனமும் உட்கார்ந்துருவாரு, இன்னிக்கு உட்காரல. திரும்பி என் மூஞ்சியை ரொம்ப நேரம் பார்த்தாரு. என்னை யாருன்னு இப்பத்தான் தெரியுதுன்னு நெனச்சு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் "காளிமுத்து"ன்னு கூப்பிட்டாரு. மத்த முப்பத்தொரு பேரையும் கூப்பிட்ட அதே குரல்ல, அதே வரிசையில கூப்பிட்டாரு.

பதில் சொல்லாம இருந்துரலாமான்னு நெனச்சேன். அவர் கை நடுங்க ஆரம்பிச்சுச்சு. "இருக்கேன் மாமா"ன்னேன்.

அவர் பேரைச் சேர்க்காதே அக்கா. செல்லாயி கேட்டாலும் சேர்க்காதே. என் பேரையும் சேர்க்காதே.

உன் தம்பி
காளிமுத்து